கோக்கோவுக்கு மூச்சு முட்டுகிறது

கோலா சாவா தோட்டத்தில் மாலை வெயில் செம்பனை ஓலைகளில் வழிகிறது. வாசலில் ரப்பர் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த கோக்கோ, பூனையளவே உள்ள நாய், சட்டென்று நின்று கழுத்தை நீட்டி, கண் பிதுங்க, கொர் கொர்ரென்று மூச்சை உள்ளே இழுக்கிறது. அதை வளர்க்கும் மரியகொரெட்டி பதறி ஓடிவருகிறாள். நாய் டாக்டர் இருப்பது ராசா டவுனில், அதுவரை தாங்காது. மாதா சுரூபத்தின் முன்னிருந்த தீர்த்தப் போத்தலை எடுத்துவந்து, சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல் அதன் நெற்றியில் ஊற்றி, அதற்கொரு வேதப் பெயரும் வைக்கிறாள். “அந்தோணி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.” கோக்கோ ஒரு தும்மல் போடுகிறது. உடம்பை உதறி அவளையும் நனைத்துவிட்டு, பந்தைக் கவ்விக்கொண்டு வாலாட்டுகிறது. கார் சாவியோடு ஓடிவந்த கணவர் ஆரோக்கியநாதன் அத்தனையும் பார்த்தபடி நிற்கிறார். “டாக்டர்கிட்ட போக வேணாம் லா,” என்கிறார். “ஃபாதர்கிட்ட மட்டும் நீயே போய்ச் சொல்லிரு.”