மருதமரத்துக் கேமரா

அணைக்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்த கையோடு, எது அசைந்தாலும் தானாகப் படமெடுக்கும் கேமராவைத் தணிகாசலம் கரையோர மருதமரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டினார். நீர்நாய் ஒன்று அதில் பதிந்தால் போதும், இங்கே நீர்நாயே கிடையாது என்று அலுவலகத்தில் அவரைக் கேலி செய்த அத்தனை பேர் வாயையும் அடைத்துவிடலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. கேமரா முழித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க, இரவெல்லாம் எழுந்து எழுந்து போனார்.

"நீங்க இப்படி நடையா நடந்தா எதுங்க வரும்?" என்று மனைவி பூங்கோதை கூடாரத்துக்குள்ளிருந்து சலித்துக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் நாற்பத்தொரு படங்கள். நாற்பத்தொன்றிலும் அவர்தான், மடித்துக் கட்டிய லுங்கியும் குரங்குக் குல்லாவுமாகக் குனிந்து முறைத்துக்கொண்டிருந்தார். பூங்கோதைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசிப் படத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னங்க, உங்க காலுக்கு நடுவுல பாருங்க."

அவருடைய இரண்டு முழங்கால்களுக்கு நடுவே தலையை நீட்டி, நீர்நாய் ஒன்று அவரைப் போலவே கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் படத்தை இப்படியும் அப்படியும் வெட்டிப் பார்த்தார். எப்படி வெட்டினாலும் லுங்கி போகவில்லை.

பூங்கோதை ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

"லுங்கியோடவே ஆபீசுக்கு அனுப்புறீங்களா, இல்ல இன்னிக்கும் இங்கேயே படுக்கணுமா?"