அங்கே நான் அவருக்கு யார்?

ஆலயத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பக்கத்து அறையில் தையல்காரி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். மனதை அரிக்கும் கேள்வியைக் கேட்காமல் உள்ளே போக அவளுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் போதகரை அழைத்திருந்தாள்.

"ஐயா, பரலோகத்துல என் வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டுக்குவாரா?"

"கண்டிப்பா கண்டுக்குவாரும்மா."

"அங்கயும் நான் அவருக்குப் பெண்டாட்டிதானே?"

போதகர் தயங்கினார். "அங்க கல்யாணங்கற ஏற்பாடே இல்லைன்னு இயேசு சொல்லியிருக்கார்மா."

அவள் கண் கலங்கியது. "அப்போ நாங்க வாழ்ந்த வாழ்க்கை அவ்வளவுதானா?"

"அன்பு எங்கம்மா போகும்? அங்க அது இன்னும் பெருசாகும். பங்கு போட்டாலும் குறையாது."

"அவருக்குக் குறையுமே ஐயா. பஸ்ஸுல என் பக்கத்துல யாராவது உட்கார்ந்தாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்."

"அதெல்லாம் இங்கதான். பரலோகத்துல பொறாமைக்கு இடமே கிடையாது."

"நெசமாவா?"

அப்போது அவள் மாமியார், அந்த வீட்டுக்காரரைப் பெற்றவள், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழாதேம்மா, மையெல்லாம் கலையுது. உனக்கு முன்னாடி நான்தானே அவன்கிட்ட போய்ச் சேரப்போறேன்? 'இந்தக் கல்யாணத்தை நான்தான்டா முடிச்சு வச்சேன், ஏதாவது கேக்கணும்னா என்னைக் கேளு'ன்னு சொல்லிக்கறேன். வா, மாப்பிள்ளை ரொம்ப நேரமா நிக்கறார்."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானே தைத்த மணப்பெண் உடையை நீவிவிட்டுக்கொண்டு, மாமியாரின் கையைப் பிடித்தபடி ஆலயத்துக்குள் நடந்தாள்.