நல்ல கால்

அவள் எலெக்ட்ரிக் கிட்டாரை என் மடியில் கிடத்தினாள்.

"அசையாதீங்க."

எங்கே அசைவது. வலது காலில் மாவுக்கட்டு. ஸ்டூலின் மேல் தலையணை, தலையணையின் மேல் கால். கோயம்புத்தூரில் எந்த எம்.எல்.ஏ.வின் காலுக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

உடைந்தது பெருவிரல்தான். கட்டு கணுக்கால் வரை. நான் சொல்லும்போது முழங்கால் வரை வரும்.

கிட்டாரின் விளிம்பில் ஒரு உலோகக் குமிழ் இருக்க வேண்டும். தோளில் மாட்டுகிற வார் அதில்தான் தொங்கும். குமிழ் இப்போது என் சட்டைப் பையில். அதன் திருகாணி அவள் உதடுகளுக்கு நடுவில். குமிழ் இருந்த இடத்தில் ஒரு துளை. திருகாணி பிடிமானமில்லாமல் சுற்றிச் சுற்றி எலி வளை அளவுக்குப் போய்விட்ட துளை.

எலி என்றால், குட்டி எலி.

பணி ஓய்வு பெற்றால் மற்றவர்கள் காசிக்கு டிக்கெட் எடுப்பார்கள். என் மனைவி சிவப்புக் கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷம் சாதகம். எதிர் ஃபிளாட்டில் இரண்டு குடும்பம் காலி செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குமிழ் முதல் தடவை ஆடியபோது தீக்குச்சியை ஒடித்துத் துளைக்குள் செருகிக் கோந்து போட்டாள். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டர். பிரிந்து போகிற எதற்கும் கோந்துதான் மருந்து என்பது அவள் நம்பிக்கை. அவள் ஒட்டிய தபால்தலை அண்டார்டிகா வரை போயிருக்கிறது. ஓரம்கூட உரியவில்லை.

மரத்துக்கு அது தெரியவில்லை.

போன வாரம் வீட்டில் ஒத்திகை. இரண்டாவது சரணம். குமிழ் பிடுங்கிக்கொண்டு வந்தது. நாலு கிலோ கிட்டார். விழும்போது நானூறு. நான் எதிரில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், வெறுங்காலால்.

சிங்காநல்லூரில் என் விரல் முறிந்த சத்தத்துக்கு உக்கடத்தில் இரண்டு பஸ் நின்றிருக்கும்.

அவள் முதலில் கிட்டாரைத் தூக்கிப் பார்த்தாள்.

ஒரு கீறல் இல்லை.

பிறகு என்னைப் பார்த்தாள்.

இந்தத் தடவை ஆசாரிகள் வைக்கிற வெள்ளைப் பசை. மருந்து நீக்கிய தீக்குச்சிகளை நேற்றுக் காலையே நெருக்கிச் செருகிவிட்டாள். இறுகி எலும்பாகியிருந்தது. துருத்திய நுனிகளை பிளேடால் மட்டமாகச் சீவினாள். பார்சல் தைக்கிற கோணி ஊசியால் நடுவில் சின்னதாக ஒரு வழி.

வாசலில் செருப்புச் சத்தம். எங்கள் குடியிருப்பின் செயலாளர் சென்னியப்பன். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பொங்கல் விழா மேடை போட்டாயிற்று. நாலு மணிக்கு இவள் வாசிக்க வேண்டும். அறுபத்து மூன்று வயதில் முதல் மேடை.

அவர் துளையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"எதுக்குங்க்கா ரிஸ்க்கு. ஒரு சேர் போட்டர்றனுங்க. உக்காந்தே வாசிச்சுருங்க."

அவள் திருகாணியை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"கவுண்ட்டர்ல முப்பத்தாறு வருசம் உக்காந்தேன். போன வருசம் இவுங்க நெஞ்சத் தெறந்து வெச்சிருந்தப்ப ஆஸ்பத்திரி பெஞ்சுல பத்தொம்பது நாள் உக்காந்தேன். போதுமுங்க தம்பி."

அந்தக் கணக்கை மட்டும் நான் யாரிடமும் கூட்டிச் சொன்னதில்லை.

பத்தொன்பது என்றால் பத்தொன்பதுதான்.

திருகாணியை மெழுகில் தேய்த்துக் குமிழில் நுழைத்தாள். திருகினாள். முதல் சுற்று லேசாக. மூன்றாவதில் மரம் கிறீச்சிட்டது. ஐந்தாவதில் அவள் மணிக்கட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. வாரை மாட்டி, வாரை மட்டும் பிடித்துத் தூக்கி ஆட்டினாள். கிட்டார் ஆடியது. குமிழ் ஆடவில்லை.

"அந்தச் சேர இவுங்களுக்குப் போட்டுருங்க," என்றாள் சென்னியப்பனிடம். "முன்னாடியே."

நாலு மணி.

ஐயாயிரம் பேர். நாற்பது குடும்பம்தான், ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள். மேடை அரை அடி உயரப் பலகை. அதன் ஓரத்தில் என் சேர். பக்கத்தில் ஸ்டூல், அதன் மேல் மாவுக்கட்டு.

அவள் நின்றாள்.

தோளில் வார், இடுப்பருகே சிவப்பாகக் கிட்டார். பல்லவி நன்றாகப் போனது. முதல் சரணத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நான்தான்.

இரண்டாவது சரணம் வருவதற்குள் அவள் கண் ஒரு தடவை குமிழுக்குப் போய் வந்தது.

இடது செருப்பைக் கழற்றினேன். இடது காலைப் பலகை மேல் நீட்டினேன். கிட்டாருக்கு நேர் கீழே.

அவள் பார்த்துவிட்டாள். ஒரு சுரம்கூடத் தப்பாமல் அரை அடி பின்னால் நகர்ந்தாள்.

நான் சேரில் இன்னும் அரை அடி முன்னால் சரிந்தேன்.

தாளம் போட வெறுங்கால்தான் வசதி.