கொழும்புப் பக்கம் திருப்பு
மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை, போவன்பள்ளி அடுக்ககத்தின் ஈரச் சுவரெங்கும் மஞ்சள் வெயில். மொட்டைமாடியில் டிஷ்ஷைத் திருப்பியபடி ஃபெலிக்ஸ் கத்துகிறான்: "ஏட்டி, தெரியுதா?" கீழே பால்கனியில், ரிமோட்டும் கையுமாக அண்ணாந்து நிற்கிறாள் தங்கை ஜெசிந்தா. நாகர்கோவிலில் சின்ன வயதிலும் இலங்கை டிவி பார்க்க அவன்தான் மேலே ஏறி ஆண்டெனாவைத் திருப்புவான். அவள் கீழே நின்று குரல் கொடுப்பாள். இப்போது உள்ளே டிவியில் படம் பளிச்சென்று வந்துவிட்டது. "ஆ கயா, மம்மி!" என்று இந்தியில் கத்தித் துள்ளும் மகள் வர்ஷினியின் வாயைப் பொத்துகிறாள் ஜெசிந்தா. "இல்லண்ணே, ஒரே புள்ளி புள்ளியா இருக்கு! இன்னும் கொஞ்சம் கொழும்புப் பக்கம் திருப்பு!" மேலே, திருப்பப் போன ஃபெலிக்ஸ் டிஷ்ஷிலிருந்து கையை எடுக்கிறான். டிஷ்ஷில் ஏது புள்ளி? பிறகு மாடி அதிர ஒரு சிரிப்பு. "திருப்பியாச்சு! இப்ப ஆள் தெரியுதா, இல்ல கோடுதான் ஓடுதா?"