கரையில் விட்ட செருப்பு

அடர்ந்த காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஊர். வெளியே போகப் படகுதான். தண்ணீரில் இறங்கி ஏறவேண்டும் என்பதால், எல்லோரும் செருப்பைப் புன்னை மரத்தடியில் கழற்றிவிட்டுப் போவார்கள். திரும்பியதும் மாட்டிக்கொள்வார்கள்.

அன்று படகேறியவர்கள் விட்டுப்போனதில் சலோமியின் செருப்பு மட்டும் மிஞ்சியது. "கடைசிப் படகும் வந்திடுச்சு. அவளைக் காணோமே" என்றது, பக்கத்தில் பாசி பிடித்துக் கிடந்த பழஞ்செருப்பிடம்.

"போகும்போது கையில என்ன வெச்சிருந்தா?"

"புதுச் செருப்பு. பட்டணத்துல போட்டுக்கிறதுக்காம்."

பழஞ்செருப்பு வானத்தைப் பார்த்தது. "மழை வருது. இப்படி ஒட்டிப் படுத்துக்கோ."

"இரு. கடலைப் பாத்துக் கிடக்கேன். ஊரைப் பாத்துத் திரும்பிக்கிறேன். வந்ததும் அவ சட்டுனு காலை நுழைக்கணும்ல."

பழஞ்செருப்பு மறுக்கவில்லை. அதுவும் ஊரைப் பார்த்துத்தான் கிடந்தது, பாசி பிடிப்பதற்கு முன்னாலிருந்தே.