பதினோரு ஸ்க்ரூ

கார்க் கதவுக்குள் விட்ட கையில் ஏதோ துணி தட்டுப்பட்டது.

சங்கரபாண்டியன் கையை வெளியே இழுக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். துணிக்குள் கெட்டியாக, பொடிசு பொடிசாக என்னவோ இருந்தது.

அப்பா வாங்கிய மோரிஸ் கார். அவர் போன பிறகு பதினாலு வருஷமாகப் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் நாலு கல்லின் மேல் நின்றது. வருகிற புதன்கிழமை மகள் பிரவீணாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு எங்கள் காரில்தான் என்று திருச்சுழிச் சம்பந்தி வீட்டில் சங்கரபாண்டியன் பெருமையடித்துவிட்டு வந்திருந்தார். வாய் சும்மா இருந்தால்தானே!

இஞ்சினை மெக்கானிக் இன்பராஜ் ஒரே மாதத்தில் உறும வைத்துவிட்டார். பெயின்ட்டும் அடித்தாயிற்று. குறை ஒன்றுதான். ஜன்னல் சட்டத்தைப் பிடிக்கிற ஸ்க்ரூ மொத்தம் பன்னிரண்டு. துருப்பிடித்துப்போன ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அது அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி, ஸ்க்ரூ எல்லாம் இஞ்சுக் கணக்கில் வெட்டிய மரை. இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் மரை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ரெண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

மிச்சமிருந்த ஒற்றை ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டையில் ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினார். விருதுநகருக்குப் போனார். மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் ரெண்டு நாள் குனிந்து பொறுக்கினார். காரியாபட்டியில் ஒருத்தர், பேசாமல் ஆணி அடித்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

போன இடமெல்லாம் சோலையைத்தான் திட்டினார். சோலை அப்பாவின் டிரைவர்.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் காரைப் பார்த்தால், ஜன்னல் சட்டமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. பதினோரு ஸ்க்ரூவைக் காணோம். சந்தை நாள். சங்கரபாண்டியனின் பலசரக்குக் கடை வாசலில் நல்ல கூட்டம். அத்தனை பேர் பார்க்க, எவனிடம் விற்றாய் என்று கேட்டு, சோலையின் இடது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

சோலை சொன்னது ஒன்றுதான்.

"வண்டியிலதான் இருக்கு மொதலாளி."

அதற்குமேல் அவனை யார் பேசவிட்டார்கள்? டிக்கியைப் பார்த்தார்கள், சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். இல்லை. களவாணிப் பட்டத்தோடு சோலை போனான். பிறகு ஊரில் ஒருத்தரும் அவனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. லாரி ஓட்டத் தெரிந்தவன் லாரிக்கு லோடு ஏற்றப் போனான்.

அவன் சொன்ன வார்த்தை மட்டும் சங்கரபாண்டியன் வீட்டிலேயே தங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் காணோமா, சாவிக்கொத்தைக் காணோமா, "வண்டியிலதான் இருக்கு மொதலாளி" என்று யாராவது எடுத்துவிட்டால் போதும். வீடே சிரிக்கும். பிரவீணா சோலை மாதிரியே குரலை இழுத்துச் சொல்வாள்.

இன்றைக்குக் காலையில் கார்க் கண்ணாடி இறங்காமல் சிக்கிக்கொண்டது. டிரைவர் பக்கக் கதவின் உள்பலகையை இன்பராஜ் பெயர்த்தெடுத்தார். கழற்றிய நட்டையெல்லாம் ஒரு கம்பியில் கோத்து அந்தக் கதவிலேயே கட்டினார். டப்பாவில் இல்லாத சாமான் தொலைந்த சாமான் என்பது கடைக்காரரின் கணக்கு. சங்கரபாண்டியன் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"வேணாம் அண்ணாச்சி. கழட்டுனதக் கழட்டுன எடத்துலயே கட்டிப்போடணும். மெக்கானிக்கு, டிரைவரு எல்லாருக்கும் அதான் பழக்கம்."

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். சங்கரபாண்டியன் சும்மாதான் கதவுக்குள் கையை விட்டார்.

இப்போது இழுத்தார். காக்கித் துணி. டிரைவர் சட்டையிலிருந்து கிழித்த பை, பொத்தானோடு. உள்ளே கிரீஸ் பூசிய ஸ்க்ரூக்கள். எண்ணினார். பதினொன்று.

சும்மா நிற்கிற வண்டியில் எவனாவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்று கழற்றிப் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார் சோலை.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி முருகலட்சுமி அவர் கையைப் பார்த்துவிட்டாள்.

"அட, கெடச்சிருச்சா! எங்கங்க இருந்துச்சு?" என்றவள், பழக்க தோஷத்தில் தானே குரலை இழுத்தாள். "வண்டியிலதான் இருந்துச்சா மொதலாளி?"

சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே லாரி செட்டுக்கு நடந்தார்.

சோலை மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர். சங்கரபாண்டியன் அவர் முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்தார்.

சோலை காக்கித் துணியைப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூவை எடுத்து, மரையை விரலால் உருட்டிப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"எங்க மொதலாளி இருந்துச்சு?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பதினாலு வருஷமாக வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்ன வார்த்தையைச் சங்கரபாண்டியன் வாய்க்குள்ளேயே சொன்னார்.

"வண்டியிலதான் இருந்துச்சு, சோலை."

சோலை முகத்தைத் திருப்பி, வலது காதை அவர் பக்கம் காட்டினார்.

"இடது காது கேக்காது மொதலாளி. அன்னையிலருந்தே கேக்காது. சத்தமாச் சொல்லுங்க."