நாலாவது நடை

காலணிகளைக் கழற்றித் தட்டில் வைக்கும்போதே, சோதனை இயந்திரத்தின் அருகே நின்ற காவலர் அம்மா தன்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

விமானம் கிளம்ப இருபத்தாறு நிமிடங்கள் இருந்தன.

“பன்னெண்டரைக்குத்தானே தம்பி இதே வழியா போனீங்க? மறுபடியும் அதே ஊருக்கா? கையில ஒரு பைகூட இல்ல. அப்படி என்னதான் வேலை?”

அவன் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்தே அவன் வாய் அவன் சொல்பேச்சைக் கேட்கவில்லை. எதைப் பார்த்தாலும் காதுவரை போய் நின்றது.

காவலர் அம்மா அவனை ஓரமாக நிற்கச் சொன்னார். சட்டைப்பையில் இருந்த நான்கு போர்டிங் பாஸ்களையும் வாங்கிச் சீட்டுக்கட்டு போல விரித்தார். ஒரே நாள். இரண்டே ஊர். போய், வந்து, போய், வந்து. நான்கிலும் ஒரே இருக்கை, இருபத்துமூன்று பி.

அவன் தொழில் பல் டாக்டர். அன்று காலைவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. பயம்தான், வேறென்ன. நாற்காலியில் சாய்கிறவர்களுக்கெல்லாம் பயப்படாதீர்கள் என்று தைரியம் சொல்கிறவன், முதல் நடையில் விமானம் மூக்கைத் தூக்கியதும் கைப்பிடி என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது நடையில் கைப்பிடியே போதுமாக இருந்தது. மூன்றாவதில் ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தான்.

ஏறியதுதான் இல்லையே தவிர, இந்தச் சின்ன ஜெட்டுகளின் ஜாதகமே அவனுக்கு அத்துப்படி.

பெரிய விமானத்தை ஓட்டுகிறவர்கள் ஒரு கடலைத் தாண்டிவிட்டு, போன ஊரில் ஓட்டலில் படுத்துத் தூங்குவார்கள். நடுவே ஒற்றைப் பாதை உள்ள இந்த விமானங்களோ டவுன் பஸ் மாதிரி. நாளைக்கு நாலு நடை. வந்து நின்றால் முப்பத்தைந்தே நிமிடத்தில் திரும்பக் கிளம்பியாக வேண்டும். அதற்குள் எரிபொருள் நிரப்பி, குப்பை அள்ளி, விமானிகளில் ஒருவர் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மடியில் வைத்தே நாலு வாய் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒரு வாரம் விடியலுக்கு முன் வேலை, மறு வாரம் பொழுது சாய்ந்து வேலை. மாதத்துக்கு ஒரு முறை அட்டவணை வரும். வந்த மறுநாளே மாறும். விடுப்புக் கேட்டால் ‘ஸ்டாண்ட்பை’ கிடைக்கும்: எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் விமானத்தில் இருக்க வேண்டும்.

விமானிகளுக்கு முப்பத்தைந்து நிமிடம் என்றால் அவனுக்கும் அதே முப்பத்தைந்துதான். இறங்கி, வெளியே வந்து, மறுபடி வாசலில் நுழைந்து, வரிசையில் நின்று, ஓடி. புதுக் காலணி இரண்டு குதிகாலையும் பதம் பார்த்திருந்தது. வீட்டிலிருந்து அவன் அம்மா பதினேழு தடவை அழைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை எடுத்து, கொஞ்சம் வெளியே இருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

பதினான்கு நிமிடங்கள்.

காவலர் அம்மா மேலதிகாரியை அழைக்க வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று அவன் குனிந்து, அவர் காதோடு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். கைப்பேசியைத் திறந்து, அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு எடுத்த ஒரு படத்தையும் காட்டினான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

பிறகு தட்டிலிருந்த காலணிகளைத் தாமே எடுத்து அவன் கையில் திணித்தார்.

“அங்க போய் மாட்டிக்கலாம். ஓடுங்க.”

புத்தம் புதுக் கோட்டும், கையில் காலணியும், காலில் வெறும் சாக்ஸுமாக ஓடினான். பளபளத்த தரை திருப்பங்களில் அவனை வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குழந்தை கைதட்டியது. வாயிலில் நின்ற பெண் தடுப்புக் கயிற்றைப் பாதி இழுத்திருந்தாள். அவன் குனிந்து நுழைந்தான்.

விமானத்தின் வாசலில் இருந்த பணிப்பெண் நாலாவது தடவையாக அவனைப் பார்த்தாள். இந்த முறை வணக்கம் சொல்லவில்லை. அவன் கால்களைப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டி நின்று, விமானிகளோடு பேசும் தொலைபேசியை எடுத்தாள். அதே ஆள், அதே கோட்டு, காலில் ஷூகூட இல்லை என்று அவள் சொல்வது மட்டும் அவன் காதில் விழுந்தது.

இறக்கிவிட்டு விடுவார்களோ என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தான். இருபத்துமூன்று பி-யில் உட்கார்ந்து, முதல் வேலையாக இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டான்.

கதவு சாத்தப்பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஒலிபெருக்கியில் துணை விமானியின் குரல் வந்தது. பயண நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம், வானம் தெளிவு, ஐந்து இருபத்தைந்துக்குத் தரையிறங்குவோம். அன்று மூன்று தடவை கேட்டிருந்ததால் அடுத்த வார்த்தை எதுவென்று அவனுக்கு மனப்பாடம்.

நன்றி சொல்லி முடித்த பிறகும் ஒலிபெருக்கியின் இரைச்சல் அடங்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

“இருபத்துமூணு பி-ல இருக்கற என் வீட்டுக்காரர் கவனத்துக்கு. இதுதான் கடைசி நடை. இறங்கினதும் ஓட வேணாம், நான் வர்ற வரைக்கும் நில்லுங்க.”

நூற்றெழுபது தலைகள் திரும்பின.

அன்று காலை திருமணப் பதிவாளர் மேசையில் கையெழுத்தின் மை காய்வதற்குள் வேலைக்கு அழைப்பு வந்து, இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து ஓடியவள், அவனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.